கதவு சிறகாகும் கார்: கடிகாரக் கடையிலிருந்து பதில்கள்

உருமாறும் ரோபோ கார்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கும்பகோணம் பெரிய கடைத்தெரு அருகே கடிகாரப் பழுது பார்க்கும் நம் பத்தியாளர் இந்த இதழில் பதில் தருகிறார்.

சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி, ஊருக்கு வரும்போது டிரான்ஸ்ஃபார்மர்ஸ் மாஸ்டர்பீஸ் வரிசையில் 'ப்ரௌல்' என்ற போலீஸ் கார் ரோபோவை வாங்கி வரவா என்று கேட்கிறான். எனக்கும் என் மகனுக்கும் கொள்ளை ஆசை. பொம்மைக்கு இவ்வளவு காசா என்று வீட்டில் மற்றவர்கள் சத்தம் போடுகிறார்கள். வாங்கலாமா?
வாசகி, மன்னார்குடி

வாங்கி வரச் சொல்லுங்கள் அம்மா. ஒரே ஒரு நிபந்தனை. பெட்டியைப் பிரித்து, கையில் எடுத்து, காராகவும் ரோபோவாகவும் மாற்றி மாற்றி விளையாடுவீர்கள் என்றால் மட்டும் வாங்குங்கள். அலமாரியில் நிறுத்திப் பார்ப்பதற்கு என்றால் அந்தக் காசுக்கு நல்ல கார் பொம்மை ஒன்றும் நல்ல ரோபோ பொம்மை ஒன்றும் தனித்தனியாகவே வாங்கிவிடலாம். இந்தப் பொம்மையின் உயிர், கார் ரோபோவாக மாறும் அந்த நடுவழியில்தான் இருக்கிறது. நான் எந்த உருமாறும் பொம்மையையும் அதை வைத்துத்தான் எடைபோடுவேன்.

எம்பி-17 என்று எண்ணிட்ட இந்த ப்ரௌல் என் கடை மேசையிலேயே நிற்கிறது. வாட்ச் பார்க்கும் லென்ஸைக் கண்ணில் வைத்து இதன் கீல்களை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறேன். டக்காரா டோமி நிறுவனம் 2013-இல் வெளியிட்டது. மாஸ்டர்பீஸ் வரிசை 2003-இல் ஒரு லாரி ரோபோவோடு தொடங்கியது. ஜப்பானில் அதன் பெயர் கான்வாய், நமக்குத் தெரிந்த பெயர் ஆப்டிமஸ் ப்ரைம். உலோகம் நிறைந்த கனத்த உருவம் அது. அந்த அளவுக்கு ஏற்றபடி கார்களும் செய்வதென்றால் ஒவ்வொன்றும் பிரம்மாண்டமாக இருந்திருக்கும். அதனால் 2011-இல் எம்பி-10 என்று அதே லாரியைச் சிறிதாக்கி மறுபடி செய்தார்கள். அதன் பக்கத்தில் நிற்கத் தோதாக 2012-இல் சிவப்பு லம்போர்கினி வந்தது, அடுத்த ஆண்டே இந்தக் கறுப்பு வெள்ளை நிசான் வந்தது. ரோபோவாக நிற்கும்போது சுமார் 6 அங்குல உயரம்.

கார், நிசான் ஃபேர்லேடி இசட். நிஜத்தில் 1978-இல் வந்த இரண்டாம் தலைமுறை வண்டி, ஜப்பானியப் போலீஸ் வண்ணத்தில். மூக்கு நீண்டு, உட்காரும் பகுதி பின்னால் தள்ளி இருக்கும். இந்த உருவத்தைப் பார்த்த பிறகுதான் இதை ரோபோவாக்கியவர்களின் சாமர்த்தியம் எனக்குப் புரிந்தது. நீண்ட பானெட் அப்படியே மடங்கி, முன்விளக்குகளோடு அகன்ற மார்பாகிறது. குட்டையான கூரை முதுகுக்குப் போகிறது. வண்டியின் பின்பாதி இரண்டாகப் பிரிந்து கால்களாகிறது. கைகள் வயிற்றுக்கு அடியிலிருந்து வருகின்றன. கதவு இரண்டே இரண்டு என்பதால் அவை தோளுக்குப் பின்னால் இரண்டு சிறகுகளாக விரிகின்றன. நான்கு கதவு வண்டியில் இந்தச் சிறகு வராது. எந்த வண்டியையும் எப்படியோ வெட்டி ரோபோவாக்கிவிடலாம்; இந்த வண்டிக்குள் இந்த ரோபோ முன்பே இருந்தது போலத் தோன்றுவதுதான் வித்தை.

மாற்றும்போது என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் சொல்கிறேன். ரோபோவாக்குவது சுலபம், குறிப்புத்தாளே வேண்டாம். திரும்பக் காராக்கும்போதுதான் பொம்மை நம்மைச் சோதிக்கும். கைகள் தமக்குரிய குழியில் முழுதாக உட்கார வேண்டும். ஒரு மயிரிழை வெளியே நின்றாலும் கதவு மூடாது, மூடினாலும் ஓரம் பிதுங்கி நிற்கும். அந்த நேரத்தில் கதவைக் கட்டைவிரலால் அழுத்தத்தான் மனசு போகும். அழுத்தக் கூடாது. கதவைத் திரும்பத் திறந்து, கையைச் சரியாக மடக்கிவிட்டு மூடினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், கதவுக்கும் முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டுக்கும் நடுவே இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக நிற்கும். அந்தக் கோட்டைத்தான் நான் லென்ஸில் பார்ப்பேன். கோடு சமமாக இருந்தால் உள்ளே எல்லாம் தத்தம் இடத்தில் இருக்கிறது என்று பொருள். மலிவான உருமாறும் பொம்மைகளில் இந்த நேர்மை இருக்காது. அங்கே ஒரு பாகம் இன்னொன்றின் மேல் ஏறி நிற்கும், நகத்தால் நெம்பினால்தான் வழிவிடும்.

1984-இல் வந்த முதல் ப்ரௌலோடு ஒப்பிட்டால் இன்னொரு விஷயமும் தெரியும். அதில் கையைச் சுற்றலாம், மற்றபடி கல்தூண். முஷ்டிகள் தனியாக வரும், நாம்தான் செருக வேண்டும். அதனால்தான் பழைய பொம்மை கிடைத்தாலும் முஷ்டி கிடைப்பதில்லை. எம்பி-17-இல் முஷ்டி கையோடு கையாக இருக்கிறது. முழங்கை, முட்டி, இடுப்பு, கணுக்கால் எல்லாம் அசையும். சிவப்புக் கொம்பு வைத்த அந்த நிதானமான முகத்தோடு, ஒரு காலை முன்வைத்து நிற்கச் சொன்னால் நிற்கிறது.

குறையும் சொல்லிவிடுகிறேன். கையில் எடுத்தால் எடை குறைவு. உலோகக் கனத்தை எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். தோளில் வரும் ஏவுகணைக் குழாயும் துப்பாக்கியும் சின்னச் சின்னவை, வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் தனி டப்பாவில் போட்டு மேலே வையுங்கள். பெட்டியிலேயே 15 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கும். உங்கள் மகன் சின்னப் பையன் என்றால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றுங்கள்.

போலிகள் ஏராளம் என்பதால் தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். இது நிசானின் அனுமதியோடு செய்த பொம்மை. பெட்டியில் அந்த அனுமதிக் குறிப்பும், பொம்மையின் அடியில் டோமி, ஹாஸ்ப்ரோ என்ற நிறுவனப் பெயர்கள் பதித்த முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். இங்கேயே வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். பொம்மை இறக்குமதி வரியை 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-இல் 70 ஆனது. இங்கே கடையில் கேட்கும் விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு அதுவே பெரிய காரணம்.

நாகப்பட்டினத்தில் கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. என் ரோபோ கார்களில் வெள்ளைப் பாகங்கள் மஞ்சள் பூத்துவிட்டன, டயர்கள் பிசுபிசுக்கின்றன. பூச்சி வராமல் இருக்க அலமாரியில் பாச்சை உருண்டை போட்டிருக்கிறேன். வேறென்ன செய்யலாம்?
வாசகர், நாகப்பட்டினம்

இந்த வரியைப் படித்து முடித்ததும் எழுந்து போய் முதலில் அந்தப் பாச்சை உருண்டைகளை வெளியே எடுங்கள் ஐயா. அதிலிருந்து வரும் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளகவைக்கும். துணிக்கு அது சரி, பொம்மைக்கு அது விஷம். பெட்டி அட்டையை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்குப் பயந்துதான் போட்டிருப்பீர்கள், புரிகிறது. அதற்கு ஈரம் இல்லாமல் பார்த்துக்கொண்டாலே போதும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு வையுங்கள். ஐப்பசி அடைமழையில் அவை சீக்கிரம் நனைந்துவிடும். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது காயவைப்பது என்று அதுவே காட்டும்.

மஞ்சள் பூப்பதற்குக் காரணம் வெளிச்சம். இந்தப் பொம்மைகளில் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்தான். அதன் கலவையில் உள்ள ரப்பர் பகுதி புற ஊதாக் கதிரிலும் காற்றிலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து மஞ்சளாகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்கவைக்கிறார்கள். வெளுக்கும், பிறகு மறுபடி மஞ்சளாகவும் கூடும், பிளாஸ்டிக்கும் கொஞ்சம் பலம் இழக்கும். நான் என் பொம்மைகளுக்கு அதைச் செய்வதில்லை. அலமாரி ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இருந்தால் ஜன்னல் சுவருக்கே மாற்றி வையுங்கள், நேர் வெளிச்சம் படாது.

டயர் பிசுபிசுப்பு வேறு சங்கதி. மென்மையான டயரை மென்மையாக வைத்திருப்பதற்காகச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்ல வெளியே கசிகிறது. அது பக்கத்துப் பிளாஸ்டிக்கைத் தொட்டால் அங்கே குழி விழும், அலமாரிப் பலகையில் கறுப்பு வளையம் விழும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலர்த்திவிட்டு, சக்கரத்துக்குக் கீழே தண்ணீர் பாட்டிலிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக் துண்டை வையுங்கள். அந்த வகைப் பிளாஸ்டிக்கை இது அவ்வளவாகத் தாக்காது.

கடல் காற்று உங்கள் ஊரில் ஸ்டீல் பின்னையும் ஸ்பிரிங்கையும்தான் குறிவைக்கும். துடைத்த பின் சிலிகான் எண்ணெய் ஒரு துளி போதும். தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் அதில் விரிசல் விடும்.

பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தால் பத்து வருஷத்தில் நல்ல விலைக்குப் போகும் என்கிறார்களே?
வாசகர், பட்டுக்கோட்டை

போகலாம், போகாமலும் இருக்கலாம். மாஸ்டர்பீஸ் பொம்மைகளை அதே நிறுவனம் மறுபடி மறுபடி அச்சேற்றும். அன்றைக்கே பழைய பெட்டியின் விலை இறங்கிவிடும். பெட்டிக்குள் இருந்தால் பொம்மை பத்திரம் என்பதும் பாதிதான் உண்மை. 80-களின் கடைசியிலும் 90-களிலும் தங்கப் பொடி கலந்த மாதிரி மினுங்கும் பிளாஸ்டிக்கில் செய்த சில ரோபோக்கள், ஒரு தடவைகூடக் கையில் எடுக்காமலே பொறை பிஸ்கட் போல உதிர்ந்திருக்கின்றன. காசு சேர்க்க வேண்டுமென்றால் தபால் நிலையத்தில் போடுங்கள் ஐயா. பொம்மையைப் பிரியுங்கள்.

ஆழித் தேர்த் திருவிழாக் கடையில் என் ஐந்து வயது மகளுக்கு ஒரு கார் வாங்கினேன். சுவரில் முட்டினால் தானே எழுந்து ரோபோவாகிறது, பாட்டு பாடுகிறது. இதுவும் நல்ல பொம்மைதானா? ஆபத்து ஏதும் உண்டா?
வாசகர், திருவாரூர்

ஐந்து வயதுக்கு அதுதான் சரியான பொம்மை. மாஸ்டர்பீஸைக் கொடுத்தால் குழந்தை அழும், பொம்மையும் உடையும். மோட்டார் ஒன்று, உள்ளே பல்சக்கரம் மூன்று நான்கு, ஒரே அசைவில் எழுந்து நிற்கிறது. குழந்தை கை தட்டுகிறது. அதில் எனக்குக் குறையே இல்லை.

ஆனால் பார்க்க வேண்டியதைப் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் பொம்மைக்கு ஐஎஸ் 15644 என்ற தரநிலை. திருவிழாக் கடைப் பொம்மைகளில் பலவற்றில் இது இருக்காது. அடுத்த தடவை முத்திரை பார்த்து வாங்குங்கள்.

இப்போது கையில் இருப்பதைத் திருப்பிப் பாருங்கள். பேட்டரி மூடி திருகாணியால் மூடியிருக்கிறதா, வெறும் கொக்கிதானா? பொத்தான் போன்ற சின்னப் பேட்டரி உள்ளே இருந்து, மூடி நகத்தால் திறக்கிறது என்றால் அந்தப் பொம்மையைக் குழந்தையிடம் விடாதீர்கள். அந்தப் பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகும். நான் தினமும் கையாளும் பொருள் அது. மாற்றிய பழைய பேட்டரிகளையும் என் மேசையில் மூடிய டப்பாவில்தான் போடுவேன், கடைக்கு அம்மாக்கள் குழந்தையோடு வருகிறார்கள் என்பதால்.

நவராத்திரி கொலுவில் பேரன் தன் ரோபோ காரை வைத்தே தீருவேன் என்கிறான். படியில் சாமிக்குப் பக்கத்தில் இதை வைக்கலாமா?
வாசகி, கும்பகோணம்

படியில் வேண்டாம் மாமி, கீழே தரையில் பார்க் கட்டுவீர்களே, அங்கே கொடுங்கள். கேழ்வரகு முளைத்த புல்வெளி, கண்ணாடிக் குளம், செட்டியார் கடை, அதன் எதிரே தெருமுனையில் ஒரு கார். மறுநாள் சாயங்காலம் அதே இடத்தில் ரோபோ நிற்கட்டும். சுண்டலுக்கு வரும் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் உட்காருவார்கள். குங்குமமும் விளக்கு எண்ணெயும் படாத தூரத்தில் வையுங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் குங்குமம் பட்டால் உடனே துடைக்க வேண்டும். மஞ்சள் பட்டால் பயப்பட வேண்டாம், வெளிச்சத்தில் தானே வெளிறிவிடும்.

இந்த உருமாறும் ரோபோக்களை முதலில் செய்தது ஜப்பானா, அமெரிக்காவா? நண்பர்களுக்குள் பந்தயம்.
கல்லூரி மாணவர், மயிலாடுதுறை

பொம்மை ஜப்பானுடையது, கதை அமெரிக்காவுடையது. டக்காரா நிறுவனம் 1980-இல் டயாக்ளோன் என்ற வரிசையைத் தொடங்கியது. அதில் சில ஆண்டுகளில் நிஜக் கார்களின் வடிவில் ரோபோக்கள் வந்தன. அவற்றுக்கு உயிர் கிடையாது. விரல் நுனி அளவு ஓட்டுநர் பொம்மை உள்ளே உட்கார்ந்து ஓட்டும் இயந்திரங்கள். 1984 ப்ரௌலின் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கை தெரிவது அந்த ஓட்டுநருக்காகத்தான். அதே டக்காரா 1983-இல் மைக்ரோ சேஞ்ச் என்று இன்னொரு வரிசை கொண்டுவந்தது. அதில் கேசட், கைத்துப்பாக்கி, மைக்ரோஸ்கோப் எல்லாம் ரோபோவாகும். நம் மஞ்சள் கார் ரோபோ பம்பிள்பீ அந்த வீட்டுப் பிள்ளை, அப்போது அது ஃபோக்ஸ்வேகன் பீட்டில்.

அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ இந்த இரண்டு வரிசைகளிலிருந்தும் பொம்மைகளை எடுத்து, 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று ஒரே குடும்பமாக்கியது. மார்வெல் காமிக்ஸ் ஆட்கள் கதை அமைத்தார்கள். பாத்திரங்களில் பலவற்றுக்குப் பெயரும் குணமும் எழுதியவர் பாப் புடியான்ஸ்கி. ஓட்டுநர் வெளியே போனார், இயந்திரத்துக்கே உயிர் வந்தது. எனக்கு இந்த மாற்றத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு. அச்சு ஒன்றையும் பெரிதாக மாற்றாமல், பெட்டியில் எழுதிய நான்கு வரியால் ஒரு பொம்மை ஆளானது. பந்தயப் பணத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஐயா, நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். என் பம்பிள்பீக்கு இடுப்பு லொடலொடவென்று ஆகிவிட்டது, நிற்கவே மாட்டேன் என்கிறது. கதவைப் பிடிக்கும் கம்பியும் வெளியே வந்துகொண்டே இருக்கிறது. ஃபெவிகுவிக் போடலாமா?
மாணவன், பாபநாசம்

போடாதே தம்பி. மூட்டுக்குள் இறங்கினால் இடுப்பு அப்படியே கல்லாகிவிடும், பிறகு நானும் ஒன்றும் செய்ய முடியாது.

இடுப்பில் பந்தும் கிண்ணமுமாக ஒரு மூட்டு இருக்கும். மெதுவாக இழுத்தால் பந்து கழன்று வரும். அக்காவிடமோ அம்மாவிடமோ நிறமில்லாத நெயில் பாலிஷ் வாங்கி, பந்தின் மேல் மட்டும் ஒரே ஒரு மெல்லிய பூச்சு பூசு. ஒரு நாள் முழுக்கக் காற்றில் காயவிடு. தொட்டால் ஒட்டக் கூடாது. அதற்குப் பிறகுதான் கிண்ணத்தில் மாட்ட வேண்டும். இன்னும் தளர்வாக இருந்தால் இன்னொரு பூச்சு. கண்ணாடி மாதிரித் தெரியும் பாகங்களில் பாலிஷ் படக் கூடாது, வெடிப்பு விடும். கூடுதலாகப் பூசிவிட்டால் பாலிஷ் நீக்கும் திரவத்தைத் தொடாதே. அதில் அசிட்டோன் இருந்தால் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். நகத்தால் உரித்து எடு.

கதவுக் கம்பியைக் கழற்றி அதன் முனைகளை உற்றுப் பார். ஒரு முனை வழவழப்பாக இருக்கும், மறுமுனையில் நீளவாக்கில் சின்னச் சின்ன வரிகள் இருக்கும். அந்த வரிகள்தான் பிளாஸ்டிக்கைக் கவ்விப் பிடிப்பவை. வழவழப்பான முனை முதலில் உள்ளே போக வேண்டும், வரியுள்ள முனை கடைசியில் இறுக வேண்டும். யாரோ திருப்பிச் செருகியிருந்தால் துளை பெரிதாகி இப்படித்தான் கழன்று வரும். சரியான பக்கமாகச் செருகிப் பார். அப்படியும் நிற்கவில்லை என்றால் வரியுள்ள முனையில் மட்டும் அதே நெயில் பாலிஷைத் தொட்டுவைத்து, காயவிட்டுச் செருகு. சுத்தியல் வேண்டாம், மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் போதும்.

கும்பகோணம் பக்கம் அப்பாவோடு வந்தால் பொம்மையையும் கம்பியையும் எடுத்து வா. துளை ரொம்பப் பெரிதாகியிருந்தால், அரைச் சுற்று தடிமன் கூடின ஸ்டீல் கம்பி என்னிடம் இருக்கிறது, வெட்டிப் போட்டுத் தருகிறேன்.